விருதா, கருணைத் தொகையா?

2025 ஆகஸ்டில் 71ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் அறிவிக்கப்பட்டன. 'ஜவான்' படத்துக்காக ஷாருக் கானும் சிறந்த நடிகர் விருதைப் பகிர்ந்துகொண்டார். 2004இல் வந்த 'ஸ்வதேஸ்' படத்துக்குத் தராததை இப்போது ஈடுகட்டிவிட்டார்கள் என்று பலர் பேசினார்கள். தமிழ் ஜனங்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. சிவாஜி கணேசன் விஷயத்தில் நாம் இதை முன்பே பார்த்தாகிவிட்டது.

1992இல் வெளிவந்த 'தேவர் மகன்' படத்துக்காக அவருக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டின் சிறந்த நடிகர் விருது மிதுன் சக்கரவர்த்திக்குப் போயிற்று. சிறப்பு விருதை சிவாஜி ஏற்கவில்லை. அவர் செய்தது சரி என்பதே நமது கருத்து.

ஏன் சரி? கணபதியின் லேத் பட்டறைகளிலும் பவுண்டரிகளிலும் பாடுபடும் எந்தத் தொழிலாளியும் இதற்குப் பதில் சொல்வார். போனஸ் என்பது உரிமை. கணக்குக் கேட்டு வாங்குவது. முதலாளியோ கணக்கைக் காட்ட மாட்டார். தீபாவளிக்கு முன் ஒரு தொகையை நீட்டி, அதற்குக் 'கருணைத் தொகை' என்று பெயர் சூட்டுவார். காசு கைக்கு வரும். ஆனால் பாக்கி இருந்தது என்ற உண்மை மட்டும் ஏட்டில் ஏறாது! சிவாஜிக்கு நீட்டப்பட்ட விருதும் அந்த ரகந்தான்.

பாக்கி எவ்வளவு என்பதை நியாயமாகவே கணக்கிடுவோம். 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் டில்லி சர்க்கார் நடிகருக்கெனத் தனி விருது வழங்கத் தொடங்கியது. எனவே 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 'பாசமலர்' போன்ற படங்களுக்கு அந்த விருது தரவில்லை என்று குறை கூறுவது பொருந்தாது. ஆனால் கட்டபொம்மனாக நடித்தவரை 1960இலேயே கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழா சிறந்த நடிகர் என்று கௌரவித்தது. 1956இல் சூயஸ் கால்வாய்க்காக ஏகாதிபத்தியத்தை எதிர்த்து நின்ற நாடு அல்லவா அது!

அதன் பிறகு நடந்தது என்ன? 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' சிறந்த தமிழ்ப் படமாயிற்று. நடிகர் விருது அசோக் குமாருக்கு. 1971இல் 'பாபு' படத்தில் சிவாஜி ரிக்‌ஷாத் தொழிலாளியாக நடித்தார். அதே ஆண்டில் 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காக எம்.ஜி.ஆருக்கு 'பாரத்' விருது கிடைத்தது. கட்சி அரசியல் புகுந்ததா என்ற கேள்வியும் எழுந்தது. 1985இல் 'முதல் மரியாதை' சிறந்த தமிழ்ப் படம், வைரமுத்து சிறந்த பாடலாசிரியர். நடிகர் விருதோ சசி கபூருக்கு. வென்றவர்கள் தகுதியற்றவர்கள் என்று நாம் சொல்லவில்லை. வென்றவருக்குப் பாராட்டுரை வெளியாகிறது. ஒதுக்கப்பட்டவர் ஏன் ஒதுக்கப்பட்டார் என்பது மட்டும் மூடுமந்திரமாக இருக்கிறது. இதைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம்.

கடைசியில் எந்த வேடத்துக்குச் சிறப்பு விருது வந்தது? பரம்பரைப் பெரிய தனக்காரர் வேடத்துக்கு! நடிப்பில் குறையில்லை. வெட்டுக்குத்தை விடுங்கள் என்றுதான் அந்தப் படமும் முடிகிறது. ஆனால் அதிலிருந்து சிலர் தெருவுக்கு எடுத்து வந்தது சாதிப் பெருமையை மட்டுமே. கோவை மக்கள் நெஞ்சில் நிற்பது வேறு வேடம். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் தோள் கொடுத்தவர் வ.உ.சி. அவர் நமது கோவைச் சிறையிலே செக்கிழுத்த கொடுமையை 1961இல் 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் சிவாஜி வாழ்ந்து காட்டினார்.

வாழ்நாள் உழைப்புக்கு மரியாதை வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். கட்டாயம் வேண்டும். அதற்குத் தாதா சாகேப் பால்கே விருது இருக்கிறது. 1996ஆம் ஆண்டுக்கான அவ்விருது சிவாஜிக்கு வழங்கவும்பட்டது. அது வாழ்நாள் கணக்கு. ஆண்டு விருது அந்தந்த ஆண்டின் வேலைக்கான கூலி. பழைய பாக்கியை இன்றைய கூலியிலிருந்து தீர்த்தால், இன்று நன்றாக உழைத்த இன்னொரு கலைஞனுக்குப் பாக்கி விழும். ஒரு அநீதியை இன்னொரு அநீதியால் அடைக்க முடியுமா?

ஆகவே நாம் கோருவது இதுதான்: நடுவர் குழுவை மத்திய சர்க்கார் தன் இஷ்டத்துக்கு நியமிக்கும் முறை ஒழிய வேண்டும். நடிகர்களும் லைட் தூக்கும் தொழிலாளி வரையிலான திரைத்துறை உழைப்பாளிகளும் தங்கள் சங்கங்கள் மூலம் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள் அதில் இடம்பெற வேண்டும். முடிவுக்கான காரணங்கள் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும். கலைஞன் கேட்பது கருணையல்ல, கணக்கு!