விமானி மகளுக்கு ஒரு ஹெட்செட்



விமானம் ஓட்டப் பழகும் மகளைப் பற்றி ஒரு தாய் எழுதியிருக்கிறார். பயிற்சிக் கட்டணத்துக்கே வீட்டு நகைகள் போய்விட்டன. விமானிகளுக்கென்றே செய்த, இரைச்சலை அடக்கும் ஹெட்செட்டோ ஆயிரம் டாலரைக்கூடத் தாண்டும். பாட்டுக் கேட்கும் போஸ் ஹெட்போனிலேயே தனி மைக் ஒன்றை மாட்டிக்கொண்டால் போதும் என்கிறார்களாம் உடன் படிப்பவர்கள். நம்பலாமா என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுழலும்போது, உள்ளே வினாடிக்கு 80 முறை எரிபொருள் வெடிக்கிறது. இரண்டு இலை புரொப்பெல்லரும் அதே 80 முறை காற்றை அறைகிறது. இந்த அடித்தொண்டை உறுமலைத்தான் இரைச்சல் அடக்கும் மின்னணு முறை நன்றாகப் பிடிக்கும். காதுமூடிக்குள் இருக்கும் குட்டி மைக் இரைச்சலைக் கேட்க, அதற்கு நேர் எதிரான அலையை ஸ்பீக்கர் எழுப்புகிறது. 1978-ல் ஒரு விமானப் பயணத்தில், இந்த முறையை ஹெட்போனுக்குள் கொண்டுவரும் எண்ணம் போஸ் நிறுவனத்தின் அமர் போஸுக்கு உதித்தது. 1986-ல் வழியில் எங்கும் இறங்காமல், எரிபொருளும் நிரப்பாமல் வாயேஜர் விமானத்தில் உலகைச் சுற்றிய டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் போஸின் நிறுவனம் செய்த சோதனை ஹெட்செட்டை அணிந்திருந்தார்கள். ஒன்பது நாள் பயணம் அது!

ஆக, வீட்டு ஹெட்போனும் அதே பரம்பரைதான். கூடுதல் மைக், ஹெட்போனின் ஒயர் துளையில் செருகி நிற்கும். மறுமுனையில் இரண்டு பிளக்: கேட்பதற்குத் தடித்தது, பேசுவதற்குச் சற்று மெலிந்தது. மைக்கின் இரு பக்கமும் திறந்திருப்பதால், எஞ்சின் சத்தம் இருபுறமும் ஒன்றுபோல் நுழைந்து தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். பேச்சு ஒரு பக்கம்தான் வலுவாக விழும். அதனால் மைக் உதட்டை உரசும் அளவுக்கு நெருங்கியிருக்க வேண்டும். இரண்டு விரல் தள்ளிப்போனாலும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவருக்கு உறுமல்தான் கேட்கும்.

என் கவலையெல்லாம் பேட்டரி பற்றியது. விமானிகளுக்கான ஹெட்செட்டில் பேட்டரி தீர்ந்தாலும், தலையை இறுக்கிப் பிடிக்கும் காதுமூடிகள் ஓரளவு காக்கும். வீட்டு ஹெட்போன் இலேசாகச் செய்தது. அந்த அரண் அதற்குக் குறைவு. சில பழைய வகைகளில் பேட்டரி போனால் ஒலியே நின்றுவிடும். தரையிறங்கும் நேரத்தில் அப்படி ஆனால் என்ன செய்வாள் பிள்ளை?

காதின் கணக்கும் இருக்கிறது. 85 டெசிபல் என்றால் நாளுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94-ல் ஒரு மணி நேரம்தான். சிறிய விமானங்களின் உட்புறம் 90-ஐச் சாதாரணமாகத் தாண்டும். நம் நாட்டில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். அத்தனை மணி நேர இரைச்சலில் போன கேள்திறன் திரும்பாது.

அம்மா, என்னைக் கேட்டால், மின்னணு எதுவும் இல்லாத சாதாரண விமானி ஹெட்செட் ஒன்றை முதலில் வாங்கிக் கொடுங்கள். விலை பல மடங்கு குறைவு. அதன் அடியில் காதுக்குள் நுரைப்பஞ்சு அடைப்பான் வைத்து, ஒலியைக் கூட்டிக்கொண்டால் நன்றாகவே கேட்கும். வீட்டு ஹெட்போனும் மைக்கும்தான் என்று மகள் முடிவெடுத்தால், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது, எஞ்சின் ஓடும் நிலையில், இரைச்சல் அடக்கும் பொத்தானை அணைத்துவிட்டு ரேடியோவில் பேசிப் பார்க்கட்டும். அந்த நிலையிலும் கோபுரத்தின் பேச்சு ஒவ்வொரு சொல்லும் புரிகிறதா என்று பார்த்த பிறகே தனியாகப் பறக்கக் கொண்டுபோகலாம்.

முதல் தனிப் பறப்பு முடிந்ததும் அவளையே எங்களுக்கு எழுதச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தை அவளுக்கே கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்