ஒரே வரிசை

உறவுகளே, தேர்தல் நாளில் குருநகரில் சம்மாட்டியும் கூலிக்குக் கடலுக்குப் போறவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம். இது சும்மா வந்ததில்லை.

பகுத்தறிவு எல்லா மனிதருக்கும் உண்டு, ஆகவே உரிமையும் எல்லோருக்கும் உண்டு என்று 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சிந்தனையாளர் எழுதினார்கள். அந்தச் சிந்தனையின் வழியில் 1931இல் டொனமூர் அரசியலமைப்பு 21 வயது நிரம்பிய ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை தந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற படித்த பெரியவர்களே அதை எதிர்த்திருந்தார்கள்.

ஆனால் சட்டம் மட்டும் போதாது. 1990 ஒக்டோபர் 30இல் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது எங்களுக்கும் வாக்குரிமை இருந்தது. வீட்டில் இருக்கும் உரிமைதான் இல்லை.

அயலவருக்கு அநியாயம் நடந்தால் "ஏன்?" என்று கேட்க நாம் பழக வேணும். வகுப்பில் பிள்ளை "ஏன் சேர்?" என்று கேட்டால் அதட்டாமல் பதில் சொல்வோம். உரிமை அங்கேதான் தொடங்குது.