அறிவிப்புப் பலகை வேறு, பெட்டகம் வேறு

சமூக வலைத்தளங்கள் என்றதும் நம்மவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுவது வழக்கம். நேரத்தை விழுங்குகிறது, தமிழைக் கெடுக்கிறது என்று ஓர் அணி; உலகத் தமிழரை ஒன்றிணைக்கிறது என்று மற்றோர் அணி. பட்டிமன்றத்திற்கு ஏற்ற தலைப்புதான். ஆனால், இக்கட்டுரையில் நான் பேச விரும்புவது அதுவன்று. அண்மைய ஆண்டுகளில் இத்தளங்கள் அறிமுகப்படுத்திய புதிய வசதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அவற்றில் பல ஒரே திசையில் செல்வது புலப்படும். அந்தத் திசை தமிழ்ப் பேரவை போன்ற ஒரு மாணவர் இயக்கத்திற்கு ஒத்துவருமா என்பதே என் கேள்வி.

ஃபிரெண்ட்ஸ்டர் சொன்ன பாடம்

2000களின் நடுப்பகுதியில் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்களுக்கு ஃபிரெண்ட்ஸ்டர் நினைவிருக்கும். 2002இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட அத்தளம், அங்கே செல்வாக்கை இழந்த பிறகும் மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளில் கொடிகட்டிப் பறந்தது. நண்பர்கள் நம்மைப் பற்றி எழுதும் சான்றுரைகளே அதன் பெரிய ஈர்ப்பு. விடுதித் தோழர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட அந்த வரிகளில் கேலி இருந்தது, கவிதை இருந்தது, பிரிவின் வருத்தமும் இருந்தது.

2009 டிசம்பரில் எம்.ஓ.எல். குளோபல் என்னும் மலேசிய நிறுவனம் அத்தளத்தை வாங்குவதாக அறிவித்தது. 2011இல் அது விளையாட்டுத் தளமாக மாற்றப்பட்டபோது, பயனர்கள் அதுவரை சேர்த்து வைத்திருந்த படங்கள், வலைப்பதிவுகள் உள்ளிட்ட பலவும் நீக்கப்பட்டன. கெடு கொடுத்துத்தான் நீக்கினார்கள். ஆனால், அதற்குள் பலர் முகநூலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். பழைய வீட்டுக் கதவில் ஒட்டிய அறிவிப்பை யார் போய்ப் படிப்பது? 2015இல் ஃபிரெண்ட்ஸ்டர் சேவையையே நிறுத்தியது. 2014இல் ஆர்குட்டும் 2019இல் கூகிள் பிளஸும் அவ்வாறே மூடப்பட்டன. உரிமையாளர் நம் நாட்டவரா, வெளிநாட்டவரா என்பது இதில் பொருட்டே இல்லை. வாடகை வீட்டின் சுவரில் வரைந்த ஓவியம் நம்முடையதுதான், சுவர் நம்முடையதன்று.

மறைவதே வசதியான காலம்

ஃபிரெண்ட்ஸ்டருக்கு நேர்ந்தது ஒரு தளத்தின் முடிவு. இன்று தளம் நல்ல உயிரோட்டத்துடன் இருக்கும்போதே நாம் இட்டவை மறைகின்றன. அப்படி மறைவதே புதிய வசதியாகவும் அறிமுகமாகிறது. 24 மணி நேரத்தில் மறையும் 'ஸ்டோரி'யை 2013இல் ஸ்னாப்சேட் கொண்டுவந்தது. 2016இல் இன்ஸ்டகிராமும் 2017இல் வாட்ஸ்அப்பும் முகநூலும் அதைப் பின்பற்றின. 2020இல், 7 நாளில் தானாக அழியும் செய்திகள் வாட்ஸ்அப்பில் வந்தன. அதே வாட்ஸ்அப் 2023 ஜூனில் 'சேனல்' என்னும் ஒருவழி அறிவிப்பு வசதியைத் தொடங்கியது. உலகிலேயே முதலில் அதைப் பெற்ற நாடுகள் சிங்கப்பூரும் கொலம்பியாவும். அதில் இடப்படும் செய்திகளைத் தம் சேவையகத்தில் 30 நாள் வரைதான் வைத்திருப்போம் என்று அந்நிறுவனம் அப்போதே சொல்லிவிட்டது.

எல்லாமே நிலைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நள்ளிரவு மாமாக் கடையில் எடுத்த படம் மறுநாளே மறைவது நல்லதுதான். நாளை வேலைக்கு நேர்முகத் தேர்வு நடத்துபவர் அதைப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால், அந்தப் படம் ஏறிச் செல்லும் அதே வண்டியில்தான் நம் சொற்போரும் கவியரங்கமும் ஏறிச் செல்கின்றன.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின், மாணவர் இயக்கங்களின் நிகழ்ச்சிகள் முகநூல் நேரலைக்கு மாறின. பேத்தி மேடையேறி வாதிடுவதை ஈப்போவிலும் சுங்கை பட்டாணியிலும் இருந்த தாத்தா பாட்டிகள் வீட்டிலிருந்தபடியே பார்த்தார்கள். அந்தக் காணொளிகள் அங்கேயே இருக்கும் என்று நாம் நம்பினோம். 2025 பிப்ரவரியில் முகநூல் தன் விதியை மாற்றியது. பிப்ரவரி 19 முதல் புதிய நேரலைகள் 30 நாள் மட்டுமே இருக்கும், பழையவை நீக்கப்படும், பதிவிறக்கிக்கொள்ள விரும்புவோருக்கு 90 நாள் அவகாசம்.

தனிமனிதருக்கு அந்த அவகாசம் போதும். மாணவர் இயக்கத்திற்குப் போதுமா? நம் செயற்குழு ஆண்டுதோறும் மாறுகிறது. 2020இல் பக்கத்தைத் திறந்தவர் இன்று எங்கோ ஒரு பள்ளியில் ஆசிரியராக இருப்பார். அறிவிப்பு அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கும். கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று புதிய செயலாளர் விசாரித்து முடிப்பதற்குள் 90 நாளும் ஓடிவிடும்.

யாருக்குக் காட்டப்படுகிறது?

இரண்டாவது மாற்றம் இதைவிட நுட்பமானது. முன்பெல்லாம் நாம் தேர்ந்த நண்பர்கள் எழுதியதே நமக்குத் தெரியும். அதுவும் எழுதிய நேர வரிசையில். 2016இல் இன்ஸ்டகிராம் நேர வரிசையைக் கைவிட்டது. எதை மேலே காட்டுவது என்பதைக் கணினி நிரலே முடிவு செய்யத் தொடங்கியது. டிக்டாக் இன்னும் ஒரு படி மேலே போய், நாம் யாரையும் பின்தொடராவிட்டாலும் 'உங்களுக்காக' என்று காணொளிகளை அடுக்கிக் காட்டியது. 2020இல் இன்ஸ்டகிராமின் ரீல்ஸ் அதே வழியில் வந்தது.

இதன் விளைவு என்ன? மெட்டா நிறுவனத்தின் மீது அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் 2025 நவம்பரில் தீர்ப்பு வந்தது. அமெரிக்கப் பயனர்கள் முகநூலில் செலவிடும் நேரத்தில் 17 விழுக்காடும், இன்ஸ்டகிராமில் 7 விழுக்காடும் மட்டுமே நண்பர்களின் பதிவுகளைப் பார்ப்பதில் செல்கிறது என்று அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. நண்பர்களைச் சேர்ப்பதற்காகப் பிறந்த தளத்தில் நண்பர்கள் ஓரமாக நிற்கிறார்கள்!

நமக்கு இதில் தனிக் கவலை உண்டு. நாம் தமிழில் ஒரு காணொளி இட்டால், அது தமிழ்க் காணொளிகளின் பெருங்கடலில் விழுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படியே தமிழ்நாட்டில் 7 கோடிக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். அங்கிருந்து வரும் திரைப்படத் துணுக்குகளோடு நம் வளாகத்துச் சிறுகதைப் போட்டி அறிவிப்பு போட்டியிட முடியுமா? நான் கவனித்தவரை, போட்டியிட நினைக்கும் நம் மாணவர்கள் மெல்ல மெல்லச் சென்னைப் பேச்சையே பேசத் தொடங்குகிறார்கள். காலையில் 'பசியாறியாச்சா?' என்று கேட்கும் நம் தமிழ், நம் காணொளிகளிலேயே அருகி வருகிறது. யாரும் தடை விதிக்கவில்லை; பார்வையாளர் எண்ணிக்கை என்னும் பிரம்பு ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

மறுப்பவர்களுக்கு

"இன்ஸ்டகிராமில் போட்டால்தான் மண்டபம் நிரம்புகிறது; ஆண்டு மலரை யார் படிக்கிறார்கள்?" என்று இன்றைய செயற்குழுவினர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தயங்கும் மாணவரையும் ஒரு நிமிடக் காணொளி நம் பக்கம் அழைத்து வருகிறது. எனவே, இத்தளங்களை விட்டு விலகுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவை நல்ல அறிவிப்புப் பலகைகள். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாள் அடுத்த மாதம் கிழிக்கப்படும் என்பது நமக்குத் தெரியும்; ஆகவே, வீட்டுப் பத்திரத்தை அங்கே ஒட்டி வைப்பதில்லை. நம் ஆண்டு முழுவதன் உழைப்பை மட்டும் ஏன் அங்கே ஒட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறோம்?

அச்சில் ஏறியது என்ன ஆயிற்று என்று பாருங்கள். 1950களில் தமிழ் முரசு நாளிதழின் மாணவர் மணிமன்றம் மலாயா, சிங்கப்பூர் இளையோரை எழுத வைத்தது. ஊர் ஊராக வாசகர்களை அறிமுகப்படுத்தி வைத்த அதுவே அக்காலத்துச் சமூக வலை எனலாம். தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் மின்னாக்கம் செய்து வைத்திருக்கிறது. 2015இல் சிங்கப்பூரின் பொன்விழாவையொட்டி, அந்நாட்டுத் தமிழ்ப் படைப்பிலக்கிய நூல்கள் ஏறத்தாழ 350 மின்னாக்கம் செய்யப்பட்டன. நூலாக எங்கோ ஓர் அலமாரியில் இருந்ததால்தான் அவற்றைத் தேடி எடுக்க முடிந்தது. 24 மணி நேரத்தில் மறைந்த ஸ்டோரியை 50 ஆண்டு கழித்து எந்த அலமாரியில் தேடுவது?

செய்யக்கூடியவை

முதலாவதாக, செயற்குழுவில் 'ஆவணப் பொறுப்பாளர்' என்று ஒரு பதவி வேண்டும். நேரலை முடிந்த வாரத்திலேயே பதிவிறக்கி, இரண்டு வன்தட்டுகளில் சேமிப்பது அவர் கடமை. கடவுச்சொற்களும் வன்தட்டுகளும் பொருளாளரின் கணக்குப் புத்தகத்தைப் போல ஆண்டுக் கூட்டத்தில் முறைப்படி கைமாற வேண்டும்.

இரண்டாவதாக, நம் விளம்பரங்களில் ஆண்டைக் குறிப்பிடுவோம். 'சனிக்கிழமை மாலை மணி 7' என்று மட்டும் போட்டால் அடுத்த ஆண்டே அது எந்தச் சனிக்கிழமை என்று தெரியாது. பேசியவர், பாடியவர், நடுவர் ஆகியோரின் முழுப் பெயர்களைத் தமிழில் எழுதி வைப்போம். பெயரில்லாத காணொளி, கிடைத்தும் கிடைக்காததற்குச் சமம்.

மூன்றாவதாக, ஆண்டு முழுதும் மாணவர்கள் தளங்களில் எழுதிய நல்ல பதிவுகளைத் தேர்ந்து, எழுதியவரின் அனுமதியுடன் ஆண்டு மலரில் சேர்ப்போம். மலேசியாவில் 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம், அச்சிட்ட வெளியீடுகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. இதைச் சுமையாக நினைக்கும் இயக்கங்கள் உண்டு. எனக்கு அது கட்டணமில்லாத காப்புறுதியாகவே தெரிகிறது.

இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு மாணவரின் மாதத்தில் ஓரிரு மணி நேரம் போதும். அடுத்த புதிய வசதி வரட்டும், அதையும் பயன்படுத்துவோம். ஆனால், இந்தத் தவணையின் சொற்போர்க் காணொளி எங்கே இருக்கிறது என்று இன்றே உங்கள் செயலாளரைக் கேளுங்கள். "முகநூலில் இருக்கிறது" என்று அவர் சொன்னால், 30 நாள் முடிய இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள்.