நோவைப் பொறுத்தல் வீரமாகுமா?

விழா மலருக்குக் கட்டுரை எழுதும் பழைய மாணவர், தம் காலத்து வெற்றிகளையும் தம்மை உருவாக்கிய ஆசிரியர்களின் பெருமையையும் எடுத்துரைத்தல் மரபு. அம்மரபினை யானும் மதிக்கின்றேன். ஆயினும், இக்கல்லூரியிற் கற்றுப் பின்னர் இங்கேயே கற்பிக்கும் பேறும் பெற்ற என்னிடம் மலராசிரியர் கட்டுரை கேட்டபொழுது, எழுதத்தக்கதென எனக்குத் தோன்றியது ஒரு வெற்றியன்று. என் வலத்தோள் பற்றி யான் செய்த ஒரு பிழையே. சிறிய செய்திதான். எனினும், எமது மைதானத்திலே நாள்தோறும் விளையாடும் மாணவர்க்கும், அவரைப் பார்த்துக் கைதட்டும் எம்மனோர்க்கும் அதிலே ஒரு பாடம் உண்டென நம்புகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பங்குனி மாதத்திலே, பழைய மாணவர்க்கும் கல்லூரி அணிக்கும் நிகழ்ந்த கிரிக்கெற் ஆட்டத்திலே யானும் கலந்துகொண்டேன். அப்பொழுது எனக்கு வயது 53. எல்லைக்கோட்டை நோக்கி விரைந்த பந்தொன்றைத் தடுக்கப் பாய்ந்தேன். பந்து அகப்பட்டது, யானோ வலக்கையை நீட்டியபடியே நிலத்தில் வீழ்ந்தேன். தோளினுள்ளே ஏதோ அறுந்தாற்போன்ற உணர்ச்சி உண்டாயிற்று. மாணவர் சிலர் ஓடி வந்தனர். சட்டையிற் படிந்த மண்ணைத் தட்டிவிட்டு, "ஒன்றுமில்லைத் தம்பிமாரே, ஆட்டம் நடக்கட்டும்" என்று சிரித்தேன். மைதானம் முழுவதும் கைதட்டிற்று. அக்கைதட்டலுக்கு யான் கொடுத்த விலை பெரிது.

அன்றிரவு வலப்பக்கம் சரிந்து படுக்க இயலவில்லை. மறுநாள், அலுமாரியின் மேற்றட்டிலிருந்து புத்தகம் எடுக்கக் கை உயரவில்லை. "இஞ்சாருங்கோ, ஒருக்கால் டொக்டரிடம் காட்டினால் என்ன?" என்று மனைவி கேட்டார். என்னிடம் மறுமொழிகள் பல இருந்தன. எலும்பு முறிந்திருந்தால் இப்படி நடமாட முடியுமா என்றேன். வைத்தியசாலையிலே மெய்யான நோயாளர் எத்தனை பேர் காத்திருக்கின்றனர், அவர்க்கிடையே ஒரு சுளுக்கைக் கொண்டுபோய்க் காட்டுவதா என்றேன். பரீட்சைக் காலம் முடியட்டும் என்றேன். யான் சொல்லாத மறுமொழி ஒன்றும் இருந்தது: வைத்தியர் என்ன சொல்வாரோ என்னும் அச்சம். அந்த அச்சத்துக்கே பொறுமை என்று பெயரிட்டுக்கொண்டேன்.

எண்ணெய் தடவினேன், ஒத்தடம் கொடுத்தேன். சில வாரங்களில் நோவு தணிந்தது. தணிந்தமையாற் குணமாயிற்றென எண்ணினேன். நோவு குறைந்ததேயன்றிக் கை உயரவில்லை என்பதைக் கணக்கில் எடுத்தேனில்லை. ஆவணியிலே நல்லூர்க் கந்தனின் தேர்த் திருவிழா வந்தது. தேர் அசைந்த கணத்திலே ஆயிரமாயிரம் அடியவரின் கரங்கள் தலைமேற் குவிந்தன. என் இடக்கை உயர்ந்தது. வலக்கை தோளளவிலே நின்றுவிட்டது. இரு கைகளையும் சிரமேற் கூப்பி வணங்கும் பேற்றை, எவரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை. யானே நழுவவிட்டேன் என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று.

அதன் பின்னரே வைத்தியரிடம் சென்றேன். ஸ்கான் எடுத்துப் பார்த்த சத்திர சிகிச்சை நிபுணர், தோளின் தசைநாண் ஒன்று அறுந்து உள்வாங்கிவிட்டதென்றும், அதனோடிணைந்த தசையும் மெலிந்துவிட்டதென்றும், தொடக்கத்திலேயே வந்திருந்தால் அதனைத் தைத்துப் பொருத்துதல் எளிதாயிருந்திருக்குமென்றும் கூறினார். அவர் என்னைக் கடியவில்லை. "விழுந்து எத்தனை மாதம்?" என்று வினவி, யான் கூறிய விடையைக் குறித்துக்கொண்டார். அதுவே எனக்குப் போதிய கடிதலாயிற்று.

என் கதை இத்துடன் முடிந்திருப்பின் இதனை எழுதியிரேன். அடுத்த ஆண்டு, எமது உதைபந்தாட்ட அணி மாணவனொருவனுக்குப் பயிற்சியின்போது தோள்மூட்டு விலகிவிட்டது. தோழனொருவன் அங்கேயே கையைப் பிடித்து இழுத்தான், மூட்டு உட்புகுந்தது. போட்டியிலிருந்து நிறுத்திவிடுவார்களென அஞ்சி, இருவரும் எவர்க்கும் சொல்லவில்லை. அப்பருவத்திலேயே அத்தோள் மேலும் இருமுறை விலகிற்று. மூன்றாம் முறை அவன் விளையாடவுமில்லை, சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். "ஏன் தம்பி, முதல் நாளே சொல்லவில்லை?" என்று கேட்டேன். அவன் தலைகுனிந்தவாறே, "சேர், அன்றைக்கு நீங்களும் விழுந்து எழும்பி, ஒன்றுமில்லையென்றுதானே சொன்னீர்கள்?" என்றான். என்னைத் தூக்கிவிட ஓடி வந்தவருள் அவனும் ஒருவன் என்பது எனக்கு அப்பொழுது நினைவுக்கு வந்தது. வகுப்பறையிலே யான் பல்லாண்டு கற்பித்தவற்றுள் எத்தனை அவன் நெஞ்சில் நின்றனவோ, அறியேன். கற்பிக்க எண்ணாத இப்பாடம் மட்டும் நன்கு நின்றுவிட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் நேர்ந்த தவறு ஒன்றே. "இந்த நோவைப் பொறுக்க முடியுமா?" என்னும் வினாவை எழுப்பி, "முடியும்" என்று விடை கண்டோம். வினாவே பிழையானது. பொறுக்க முடிவதெல்லாம் தீங்கற்றதன்று. கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டு: இக்கை நேற்றுச் செய்ததை இன்று செய்கின்றதா? செய்யவில்லையாயின், எத்தனை நாளாகச் செய்யவில்லை? இவ்விரண்டுக்கும் நேர்மையாக விடை கூறுவோன், வைத்தியரிடம் செல்வதா விடுவதா என்று தடுமாறான்.

தோளின் அமைப்பை அறிந்தால் இதன் காரணம் புலனாகும். உடலிலுள்ள மூட்டுக்களுள் மிகப் பரந்த அசைவுடையது தோள்மூட்டு. இடுப்பிலே தொடையெலும்பின் தலை ஆழ்ந்த கிண்ணத்தினுள்ளே பொருந்தியிருக்கின்றது. தோளிலோ, மேற்கை எலும்பின் உருண்டைத் தலை ஆழமற்றதொரு சிறு குழியிலே சாய்ந்திருக்கின்றது. அதனை நிலைநிறுத்துவன எலும்புகள் அல்ல. நான்கு தசைகளின் நாண்களும், மூட்டைச் சூழ்ந்த சவ்வும் நாருமே. ஆகவேதான் உடலின் பெருமூட்டுக்களுள் அடிக்கடி விலகுவதும் இதுவே. விலகும்போது பெரும்பாலும் முன்பக்கமாக விலகுகின்றது. இளம்பருவத்தில் ஒருமுறை விலகிய தோள் மீண்டும் விலகும் வாய்ப்பு மிகுதி. நாற்பது வயதைக் கடந்தோர் விழும்போதோ தசைநாண் அறும் வாய்ப்பு மிகுதி. அந்த மாணவனும் யானும் இவ்விரண்டுக்கும் எடுத்துக்காட்டாயினோம்.

ஆகவே, விழுந்தவுடனே காலந்தாழ்த்தாது வைத்தியரிடம் செல்லவேண்டிய குறிகள் இவை. தோளின் உருண்டை வடிவு மாறித் தட்டையாயினும் கோணலாயினும் செல்லவேண்டும். கையைத் தானாக உயர்த்த இயலாவிடினும், காறையெலும்பின் மேலே புடைப்புத் தோன்றினும் செல்லவேண்டும். மேற்கையின் வெளிப்புறம் மரத்துப்போதல், விரல்கள் விறைத்தல், கை குளிர்ந்து வெளிறுதல் ஆகியன நரம்போ குருதிக் குழாயோ தாக்குண்டமைக்கு அடையாளம். இவற்றுள் ஒன்று தோன்றினும் ஒரு மணிநேரமும் தாமதித்தலாகாது. தோள் சிவந்து சூடேறிக் காய்ச்சலும் காணின், அதுவும் அவ்வாறே. முதியோர் விழுந்த சில நாட்களின் பின் மேற்கை முழுதும் கருநீலமாயின், உள்ளே எலும்பு முறிந்திருத்தல் கூடும். வெளித்தோற்றத்திற் கோணல் இல்லையென்று வாளாவிருத்தல் தவறு.

தோளிலே தோன்றினும் தோளுக்குரியதல்லாத நோவும் உண்டு. மார்பிலே இறுக்கமும், வியர்வையும், மூச்சுத் திணறலும் கூடிவரும் தோள்நோவு இதயத்தினின்றும் வருதல் கூடும். வயிற்றின் இடப்பக்கத்திலே பலத்த அடிபட்டபின் இடத்தோளின் நுனியில் நோவு தோன்றின், மண்ணீரல் கிழிந்து உள்ளே குருதி கசிதல் கூடும். இவை உயிரோடு விளையாடுவன. இந்நிலையில் எண்ணெய் தேடுதல் தகாது. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தல் வேண்டும். அந்த இலவச நோயாளர் வண்டிச் சேவை 2018 ஆம் ஆண்டு முதல் எமது வட மாகாணத்திலும் நடைபெறுகின்றது.

இனி, விழுந்தார் அனைவரும் வைத்தியசாலைக்கு விரையவேண்டுமென்பதும் என் கருத்தன்று. கை எத்திசையிலும் அசைகின்றது, வடிவு மாறவில்லை, மரப்பு இல்லை, நோவு மட்டும் உண்டு எனின், சில நாள் பார்த்திருக்கலாம். பார்த்திருத்தலுக்கும் ஒரு முறை உண்டு. பாரந் தூக்குதலையும் பந்தெறிதலையும் நிறுத்துக. பனிக்கட்டியைத் துணியிற் சுற்றிச் சிறிது நேரம் வைத்தெடுக்க. முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு உருவுதலும் பிசைதலும் வேண்டா. கையை வாரக்கணக்கிற் கட்டித் தொங்கவிடுதலும் வேண்டா. அசையாத தோள் இறுகும். நீரிழிவுடையோர்க்கு அவ்விறுக்கம் எளிதிலே பற்றும். ஒவ்வொரு நாளும் இரு கைகளையும் ஒருங்கே உயர்த்தி ஒப்பிட்டுப் பார்க்க. நாளுக்கு நாள் முன்னேற்றம் காணின் நன்று. இரண்டு வாரம் சென்றும் முன்னேற்றம் இல்லையெனின், இரவிலே நோவு உறக்கத்தைக் கெடுக்குமெனின், பார்த்திருக்கும் காலம் முடிந்ததென அறிக. இதுவே பொறுமைக்கும் புறக்கணிப்புக்கும் உள்ள வேறுபாடு. பொறுமை நாளை எண்ணும்; புறக்கணிப்பு நாளை எண்ணாது.

முறிவு நெரிவு பார்க்கும் எமது பரம்பரைப் பரியாரிமாரை யான் இகழ்வேனல்லேன். அவர்தம் கைத்திறனால் நலம்பெற்றோர் எம் ஊர்களிலே பலர். ஆயினும், கைத்திறன் மிக்கவரும் தோலின் ஊடாக எலும்பைக் காண இயலாது. 1895 ஆம் ஆண்டு ஜெர்மனியிலே றொன்ட்கன் என்னும் அறிஞர் எக்ஸ் கதிரைக் கண்டறியும் வரை, உலகில் எவர்க்கும் அஃது இயலவில்லை. இயன்ற பின்னரும் காணாது இழுத்துப் பொருத்துதல் எற்றுக்கு? முறிந்த எலும்பை விலகிய மூட்டென மயங்கி இழுப்பின் நரம்பும் குழாயும் சிதையும். முதலிற் படம் எடுத்துப் பார்ப்போம். பின்னர் எவரிடம் செல்வதென முடிவுசெய்வோம். இன்னுமொன்று: எக்ஸ் கதிர்ப் படம் எலும்பைக் காட்டுமேயன்றி அறுந்த நாணைக் காட்டாது. "படத்தில் ஒன்றுமில்லை" என்ற பின்னரும் கை உயராவிடின், மீண்டும் சென்று வைத்தியரைக் கேட்டல் நோயாளியின் உரிமை.

மேலைத்தேய வைத்தியம் எமக்கு அந்நியமென்பாரும் உளர். 1847 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர், மானிப்பாயிலே தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே அவ்வைத்தியத்தைக் கற்பித்தார். அதன் நூல்களையும் தமிழாக்கினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழிலே வழங்கிவரும் அறிவை அந்நியமென ஒதுக்குதல் பொருந்தாது. செலவையும் காரணங் காட்டல் அரிது. அரசாங்க வைத்தியசாலைகளிலே சிகிச்சை இலவசமாகவே அளிக்கப்படுகின்றது. செலவாவது ஒரு முற்பகற் பொழுது. அதனைச் செலவிட மறுத்தமையால் யான் இழந்ததை மேலே கூறினேன்.

முடிவாக, கல்லூரிச் சமூகத்திடம் ஒரு வேண்டுகோள். யூபிலி நினைவாக வளைவும் மண்டபமும் எழுப்ப எண்ணுகின்றோம், எழுப்புவோம். அவற்றோடு, மைதானத்தின் அருகே ஒரு சிறு முதலுதவி அறையையும் அமைப்போமாக. ஒரு கட்டில், ஒரு முதலுதவிப் பெட்டி, கையைத் தாங்கும் முக்கோணத் துணி சில, முதலுதவிப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர், ஒரு குறிப்பேடு ஆகியன போதும். விழுந்த மாணவனின் பெயர், விழுந்த நாள், அவனுக்கு எந்த அசைவு இயலவில்லை என்பது, பெற்றோர்க்கு அறிவித்த நேரம் ஆகியவற்றை அக்குறிப்பேட்டில் எழுதுக. இரு கைகளையும் ஒருசேர உயர்த்த இயலாதவன் அன்று மீண்டும் ஆடுதலாகாது என்பதை ஒரு விதியாக்குக. விதி இருப்பின், அணியிலிருந்து விலகும் மாணவன் கோழையெனப் பெயர் எடுக்கமாட்டான். அவனுடைய தயக்கத்தை விதியே தீர்த்துவைக்கும். எம் பழைய மாணவருள் வைத்தியராயினோர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து இதனை மேற்பார்வை செய்வாராயின், அதனினும் சிறந்த யூபிலிக் கொடை வேறில்லை.

மாணவத் தம்பியரே, நோவை மறைத்து ஆடுதல் வீரமென உங்களுக்குக் காட்டியவருள் யானும் ஒருவன். அதனை இன்று மீளப்பெற்றுக்கொள்கின்றேன். விழுந்தால் எழும்புங்கள், எழும்பியதும் இரு கைகளையும் உயர்த்திப் பாருங்கள். ஒன்று உயராவிடின், அதனை அன்றே ஆசிரியரிடம் சொல்லுங்கள். உங்கள் ஆசிரியரும் பெரியோரும் விழுந்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று சிரிப்பாராயின், அவரையும் கைப்பிடித்து வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அன்று எனக்கு அவ்வாறு செய்வார் ஒருவர் இருந்திருப்பின், அடுத்த தேர்த் திருவிழாவிலே என் இரு கரங்களும் ஒருங்கே உயர்ந்திருக்கும்.

– ஒரு பழைய மாணவன்