அலசுவதும் துலக்குவதும்

அரிசியைக் களைகிறோம், கீரையை அலசுகிறோம், பாத்திரத்தைத் துலக்குகிறோம் அல்லது விளக்குகிறோம், வாசலைக் கூட்டுகிறோம் அல்லது பெருக்குகிறோம். இத்தனை வினைகளையும் ‘சுத்தம் பண்ணு’ என்ற ஒரே தொடர் இன்று விழுங்கிவருகிறது. இதை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன். பழைய வினைகளுக்குள் செய்முறையே அடங்கியிருக்கிறது. நீரில் போட்டு அசைத்தால்தான் அலசல்; பளபளக்கும்வரை தேய்த்தால்தான் துலக்கல். சிதறிய குப்பையை ஓரிடத்தில் சேர்ப்பது கூட்டுவது. எண்களைச் சேர்க்கவும் அதே வினைதான். இந்தத் துல்லியத்தோடு அவை வீட்டு வேலையைத் தாண்டியும் வழங்குகின்றன: பிரச்சினையை அலசுகிறோம், பாடத்தை விளக்குகிறோம், காவல்துறை துப்புத் துலக்குகிறது. அரசியலைச் சுத்தம் செய்வோம் என்ற முழக்கத்திலோ விருப்பம் மட்டுமே இருக்கிறது, வழி இல்லை.

கூட்டு, பெருக்கு என்று ஒரே வேலைக்கு இரண்டு சொல் எதற்கு என்று கேட்கலாம். ஊருக்கு ஊர் வழக்கு வேறுபடுகிறது. ஒன்றை வாழவைக்க மற்றதைக் கைவிட வேண்டியதில்லை. இயந்திரம் வந்தபின் இந்த வேறுபாடுகள் தேவையா என்பது இன்னும் வலுவான கேள்வி. ஆனால் சலவை இயந்திரமே துவைப்பது, அலசுவது, பிழிவது என்று தன் வேலையைத் தனித்தனிக் கட்டங்களாகப் பிரித்துத்தான் செய்கிறது. அலசல் குறைந்தால் துணியில் சோப்பு தங்கிவிடும். சுத்தமாகவில்லை என்று மட்டும் சொன்னால் எந்தக் கட்டத்தில் பிழை என்பது யாருக்கும் புரியாது.