சந்தா ரசீதும் சாட்சி மனோபாவமும்

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரின் உரிமைகளுக்காகக் கொடைக்கானல் மலையில் இயங்கும் ஓர் அமைப்பில், தமிழ் விரிவுரையாளர்களாகிய நாங்கள் நால்வர் சென்ற ஆண்டு உறுப்பினரானோம். இலக்கிய நண்பர்கள் சிலருக்கு இது உவப்பாக இல்லை. எழுத்தாளனும் ஆசிரியனும் சாட்சியாக நின்றால் போதும், சந்தா கட்டிக் கொடி பிடிப்பது படைப்பு மனத்தைச் சுருக்கிவிடும் என்கிறார்கள். நாம் சாட்சியாக நின்ற அழகைத்தான் சற்றுப் பார்ப்போமே.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. பாகப்பிரிவினையில் ஓர் அண்டாவுக்குக்கூட நம் வீடுகளில் இதைவிட அதிகம் வழக்கு நடக்கும். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார்கள். மண்டபம் முகாம் வழியே குடும்ப அட்டையும் கையுமாகச் சிதறினார்கள். தேயிலை அறிந்த கைகள் பல நீலகிரிக்குப் போயின. பழனி மலைக்கு வந்தவர்களுக்குக் கிடைத்தது சீகை மரம். தோல் பதனிடப் பட்டை உரிப்பதும், ஆலைகளுக்கு மரம் வெட்டுவதும் வேலை. (அதே சீகை மலைப் புல்வெளிகளை விழுங்கியது பற்றி நாம் நிறையவே வருந்தி எழுதுகிறோம்.) ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் வாங்கியவர்கள் கடன் தீராமல் காட்டுக் குடிசைகளில் கட்டுண்டு கிடந்தது 1980களில் வெளியே தெரிந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமோ 1976லேயே வந்துவிட்டிருந்தது. மாநிலம் விட்டு மாநிலம் பெயரும் தொழிலாளருக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களைத் தொடவில்லை. இவர்கள் தாண்டியது மாநில எல்லையை அல்ல, கடலை.

தமிழகக் கொத்தடிமைகளுக்காக 1985இல் உச்ச நீதிமன்றம் சென்றது மக்கள் சிவில் உரிமைக் கழகம். கண்காணிக்கும் பொறுப்பை நீதிமன்றம் 1997இல் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் ஒப்படைத்தது. அந்தக் கழகமும் உறுப்பினர்களால் ஆனதுதான் என்பதை நண்பர்களுக்கு நினைவூட்டுகிறோம்.

எங்கள் லட்சணத்தையும் சொல்லியாக வேண்டும். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யைப் பதினைந்து ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிறோம். ‘எரியும் பனிக்காடு’ 2007இல் தமிழில் வந்தபோது கண் கலங்கியவர்களில் நாங்களும் உண்டு. மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்த மாணவி அதே இலங்கைத் தோட்டத்து மக்களின் பேத்தி என்பது, சாதிச் சான்றிதழ் கிடைக்காமல் அவள் உதவித்தொகையை இழக்கவிருந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பூர்வீகத்துக்கு ஆவணம் கேட்டார்கள். பூர்வீகம் என்பது பாட்டியின் வாயில் மட்டும் எஞ்சியிருந்த ஒரு கிராமத்தின் பெயர். நாங்கள் உருக்கமாக ஒரு கட்டுரை எழுதினோம். பாராட்டுக் கடிதங்கள் வந்தன, சான்றிதழ் வரவில்லை. அமைப்பினர் அவளை அழைத்துக்கொண்டு ஏழு முறை அலுவலகப் படியேறினார்கள். எட்டாம் முறை கிடைத்தது. அதன் பிறகுதான் ரசீது புத்தகத்தை நீட்டச் சொன்னோம்.

சங்கடங்களே இல்லை என்று சாதிக்கவில்லை. சென்ற கூட்டத்தில், விடுதிகளில் பாத்திரம் துலக்கும் வடமாநில இளைஞர்களையும் அமைப்பில் சேர்க்கலாமா என்ற பேச்சு எழுந்தது. “அவுங்க வந்துதான் நம்ம கூலி எறங்குது” என்றார், பட்டை உரித்துக் கை காய்த்துப்போன பெரியவர் ஒருவர். ‘சிலோன்காரன்’ என்று ஊரார் தம்மை ஏசிய கதையை அரை மணி நேரத்துக்கு முன்புதான் அவர் சொல்லியிருந்தார். அவரை மறுக்க வேண்டியிருந்தது. மாதச் சம்பளக்காரர்களுக்கு இதைப் பேசுவது எவ்வளவு எளிது என்ற கூச்சமும் இருந்தது. ஆயினும், “ஐயா, உங்களைச் சொன்ன அதே சொல்லைத்தான் நீங்கள் அவர்களைச் சொல்கிறீர்கள்” என்றோம். அவர் பதில் பேசவில்லை. வெளியே போய் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த கூட்டம் பண்ணைக்காட்டில். எங்கள் நால்வருக்கும் அதில் ஓட்டு உண்டு.