பொம்மை பல்லைக் காட்டினால்

13 வயசுப் பிள்ளையிடம் பிறந்தநாளுக்கு என்ன வேணும்னு கேட்டா, 300 டாலரைத் தொடும் பொம்மையைப் போனில் காட்டும். "பொம்மை இல்லம்மா, கலெக்டிபிள்!" என்று திருத்தமும் வரும்.

ஹாங்காங்கின் ஹாட் டாய்ஸ் மாதிரி நிறுவனங்கள் செய்யும் இந்த உருவங்கள் நடிகரில் ஆறில் ஒரு பங்கு, சுமார் 30 செ.மீ. உயரம். தோலின் துளை, கண்ணின் ஈரம்கூட அச்சு அசலா இருக்கும். ஆனா வாயைப் பாருங்க. பெரும்பாலும் மூடியே இருக்கும்.

காரணம் சின்னக் கணக்கு. நம்ம மேல்வரிசை முன்பல்லின் அகலம் ஏறக்குறைய 8.5 மி.மீ. ஆறால் வகுத்தால் 1.4. எள்ளைவிடச் சின்னது! இரண்டு பல்லுக்கு நடுவே கோடு கொஞ்சம் தடித்தால் பியானோ கட்டை. கோடே இல்லாவிட்டால் பல்செட். நிறமும் சிக்கல்தான். நிஜப்பல் பேப்பர் வெள்ளை கிடையாது. ஈறுப் பக்கம் மஞ்சள் கூடும், நுனியில் லேசாக ஒளி ஊடுருவும். அதோடு சிரிப்பு வாயில் மட்டும் இல்லை. உண்மையாகச் சிரிக்கும்போது கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும் என்று பிரெஞ்சு மருத்துவர் டுஷென் 1862லேயே எழுதிவிட்டார். கண் சும்மா இருக்க, வாய் மட்டும் சிரித்தால் பார்க்கவே பயமா இருக்கும். மலிவு நகையைப் 'பல்லிளிச்சிடுச்சு' என்போமே, அதே கதி.

என் கண்ணுக்கு, அழுக்குப் பல்தான் பொம்மையில் நன்றாக வருகிறது. ஹீத் லெட்ஜரின் ஜோக்கருக்கு மஞ்சள் கறை, ஜாக் ஸ்பாரோவுக்குத் தங்கப்பல். அந்தக் கறையும் தங்கமும் பார்த்ததுமே ஆளைச் சொல்லிவிடும். வெள்ளை வெளேர்னு ஒரே சீரா இருந்தால் அது யார் வாயாகவும் இருக்கலாம்.

பிள்ளைகள் இதை நொடியில் கண்டுபிடிப்பார்கள். "அவருக்கு இந்தப் பல் கொஞ்சம் தூக்கி இருக்கும், இதுல நேரா இருக்கு. இது அவர் இல்ல." அதே பிள்ளைதான் ஸ்கூல் போட்டோவில் உதட்டை இறுக்கி மூடிக்கொள்ளும். பேச்சை எடுக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நம்ம மொழியில் தெத்துப்பல் என்று ஒரு சொல் இருப்பதையும், ஊரில் அதை அழகு என்று சொல்பவர்கள் உண்டு என்பதையும் அப்போதே சொல்லலாம்.

ஃப்ரெடி மெர்குரியையும் சொல்லுங்க. சான்சிபாரில் பிறந்த பார்சிப் பிள்ளை. 1964இல் குடும்பம் இங்கிலாந்துக்கு வந்தது. கூடுதலாக முளைத்த பற்களால் முன்வரிசை துருத்தி நின்றது. சரிசெய்தால் குரல் மாறிவிடுமோ என்று பயந்து அப்படியே விட்டுவிட்டார். 2018 படத்தில் அவராக நடிக்க ராமி மாலெக் பொய்ப்பல் மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

ப்ரேசஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடிப்பில் கோளாறு என்றால் பல் டாக்டர் சொல்வதைக் கேளுங்க. அழகுக்காக மட்டும் என்றால், பிள்ளை தானாகக் கேட்கும்வரை காத்திருக்கலாம் என்பது என் கட்சி.

பொம்மை வாங்குவதாக இருந்தால், கடைப் படத்தை நம்பாதீங்க. அது பெரும்பாலும் விற்பனைக்கு முன் செய்த மாதிரி உருவம். வாங்கியவர்கள் எடுத்த படத்தைத் தேடி, வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுங்க.